பின்வரிசையில் இருந்தவர்கள்



காகிதம் விற்கும் ஒரு கம்பெனியின் கிளைக் காரியாலயம். அங்கே பத்துப் பதினைந்து பேர் மேஜைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைபேசி மணி அடிக்கிறது, நகல் எடுக்கும் யந்திரம் ஓடுகிறது. மேனேஜர் தம் அறையை விட்டு வெளியே வந்து ஒரு வேடிக்கையைச் சொல்லி, யாரும் சிரிக்காததைக் கண்டு தாமே சிரித்துக்கொண்டு மறுபடியும் அறைக்குள் போய்விடுகிறார். சுருங்கச் சொன்னால் 'தி ஆபீஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதை இவ்வளவுதான். 2005 மார்ச் 24-ஆம் தேதி என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 2013 மே 16-ஆம் தேதி நிறைவுற்ற அத்தொடர், ஒன்பது பருவங்களில் 201 அத்தியாயங்களாக விரிந்தது. அது முடிந்து இத்தனை வருஷங்கள் ஆன பின்னும், அதில் நடித்தவர்களும் அதை எழுதியவர்களும் அந்த நாட்களைப் பற்றிப் பேசி ஓய்ந்தபாடில்லை. அதில் நடித்த ஜென்னா பிஷரும் ஏஞ்சலா கின்ஸியும் 2019 அக்டோபரில் ஒரு பாட்காஸ்ட் தொடங்கி, ஒவ்வோர் அத்தியாயமாக எடுத்துக்கொண்டு, அது எப்படிப் பிறந்தது என்று நினைவுகூர்ந்தார்கள். பிரையன் பாம்கார்ட்னர் தம் சகாக்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பேட்டி கண்டு 2021-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

இந்த ஞாபகங்களை நான் சிரத்தையோடு கேட்டும் படித்தும் வந்திருக்கிறேன். பொழுதுபோக்குக்காகத் தொடங்கினேன் என்றாலும், போகப் போக அவற்றின் ஊடே ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் துலங்கலாயிற்று. உத்தியோகசாலையைப் பற்றிய ஹாஸ்யம் என்பது வசனத்தில் மட்டும் பிறப்பதன்று. வசனம் இல்லாமல், காட்சியின் பின்வரிசையிலே, நாள் முழுவதும் மேஜைக்கு முன் உட்கார்ந்து கிடந்தவர்களின் பொறுமையிலேதான் அதன் ஜீவன் இருந்தது என்பதே அது. அதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் இத்தொடரின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டும். இதன் மூலவடிவம் பிரிட்டனில் உண்டாயிற்று. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சண்டும் சேர்ந்து எழுதி இயக்கி, 2001 ஜூலையில் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் ஒளிபரப்பான அத்தொடர், ஸ்லவ் என்ற சாதாரணமான ஊரிலே, வெர்னம் ஹாக் என்ற கற்பனைக் காகிதக் கம்பெனியில் நடப்பதாக அமைந்திருந்தது. ஆறாறு அத்தியாயங்களாக இரண்டு பருவங்களும், 2003-இல் கிறிஸ்துமஸுக்கென்று இரண்டு பகுதிகளும், ஆகமொத்தம் பதினான்கே அத்தியாயங்களோடு அதை அவர்கள் முடித்துக்கொண்டார்கள். இவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கப்பட்ட ஒன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோவது வீண் பிரயத்தனம் என்றே அக்காலத்தில் பலரும் எண்ணினார்கள். கொண்டுபோகும் பொறுப்பை ஏற்ற கிரெக் டேனியல்ஸ், 'தி சிம்ப்ஸன்ஸ்', 'கிங் ஆஃப் தி ஹில்' ஆகிய சித்திரத் தொடர்களில் எழுதிப் பழகியவர். சாமானிய மனிதர்களின் சுபாவத்தைப் பரிகாசம் செய்யாமலே சிரிப்பூட்டத் தெரிந்தவர். அவர் ஸ்லவ்வுக்குப் பதிலாகப் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்க்ரான்டன் நகரைத் தேர்ந்துகொண்டார். ஒரு காலத்தில் நிலக்கரியாலும் ரயிலாலும் செழித்து, பின்னர் அவை இரண்டும் கைவிட்டுப்போனபின் நடுத்தர வாழ்வோடு நின்றுவிட்ட ஊர் அது. கம்பெனிக்கு டண்டர் மிஃப்ளின் என்று பெயரிட்டு, கட்டிடத்தின் முகவரியை மட்டும் மூலத்துக்குச் செய்யும் மரியாதையாக ஸ்லவ் அவென்யூ என்றே வைத்தார்.

நடிகர்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே இத்தொடரின் தர்மம் வெளிப்பட்டுவிட்டது என்று நான் கருதுகிறேன். தேர்வுப் பொறுப்பு வகித்த அலிசன் ஜோன்ஸ், வரவேற்பு மேஜைப் பெண்ணான பாம் வேடத்துக்கு வந்த ஜென்னா பிஷரிடம், அலங்காரம் பண்ணிக்கொண்டு வரவேண்டாம், சிரிக்கவைக்கவும் முயலவேண்டாம், என்னைச் சலிப்படையச் செய்யும் துணிவோடு வா என்ற கருத்துப்படச் சொல்லியனுப்பினாராம். பிஷர் அதற்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸிலே பல வருஷம் காரியாலயங்களில் கடிதம் அடித்தும் தொலைபேசி எடுத்தும் வயிறு வளர்த்தவர். தேர்வின்போது, பாமாகவே இருந்து பதில் சொல்லுமாறு பணித்து, வரவேற்பு வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். 'இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மௌனமாக இருந்துவிட்டார். கேள்வி கேட்டவர்கள் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருக்க, அவர் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருக்க, அந்த நிசப்தத்தின் நடுவே எதிரில் இருந்தவர்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்ததாம். நடிகை ஒருத்தி தன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டிய இடத்தில், காட்டாமல் இருக்கும் சாமர்த்தியத்தைக் காட்டியது சாதாரணக் காரியம் அன்று.

பாமைக் காதலிக்கும் ஜிம் வேடத்துக்கு வந்த ஜான் கிரசின்ஸ்கியின் கதை இன்னும் பிரசித்தம். காத்திருப்பு அறையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், பதற்றமாக இருக்கிறதா என்று கேட்க, தேர்வைப் பற்றி எனக்குப் பதற்றம் இல்லை, இதைத் தயாரிக்கிறவர்கள் அந்த நல்ல பிரிட்டிஷ் நாடகத்தைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை என்று இளைஞர் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கிரெக் டேனியல்ஸ். அந்தக் கவலை டேனியல்ஸுக்கும் இருந்தது என்பதே இதில் நாம் கவனிக்கத்தக்கது. இல்லாவிட்டால் அந்த இளைஞருக்கு அந்த வேடம் கிடைத்திருக்குமா?

எனக்கு இவை எல்லாவற்றினும் மேலாகப் படுவது பிலிஸ் ஸ்மித் தேர்வான விதம். அவர் நடிக்க வந்தவரே அல்லர். அலிசன் ஜோன்ஸிடம் உதவியாளராக இருந்து, தேர்வுக்கு வரும் நடிகர்களுக்கு எதிர்வசனம் படித்துக் கொடுப்பதே அவர் உத்தியோகம். நூற்றுக்கணக்கானவர் வந்து தம் திறமையையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் காகிதத்தைப் பார்த்து ஏற்ற இறக்கமில்லாமல் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயத்தை இயக்க வந்த கென் குவாபிஸின் கண், நடித்தவர்களை விட்டு, படித்துக்கொண்டிருந்தவர்மேல் போயிற்று. இதோ ஒரு காரியாலயத்து மனிதர், இவருக்கு வேஷமே போடவேண்டாம் என்று அவர் உணர்ந்தார். அப்படித்தான் ஒன்பது பருவங்களும் அந்த விற்பனைப் பகுதி மேஜையில் பிலிஸ் உட்காரலானார்; பாத்திரத்தின் பெயரும் பிலிஸ் என்றே நின்றுவிட்டது.

மற்றவர்களும் ஏறக்குறைய இப்படிப்பட்டவர்களே. ஏஞ்சலா கின்ஸி, பல் வைத்தியரைத் தேடித் தரும் தொலைபேசிச் சேவை ஒன்றில் வேலை பார்த்தவர். கேட் ஃப்ளானரி ஓட்டலில் பரிமாறும் வேலையைத் தொடர் தொடங்கிய காலத்திலும் விடவில்லை. விட்டால் வாடகை யார் கொடுப்பது? கிரீட் பிராட்டன் அறுபதுகளில் 'தி கிராஸ் ரூட்ஸ்' என்ற புகழ்பெற்ற இசைக்குழுவில் கிட்டார் வாசித்துவிட்டு, பிறகு நெடுங்காலம் வெளிச்சத்துக்கு வராமல் இருந்தவர். நடுநாயகமாக மைக்கேல் ஸ்காட் என்ற மேனேஜர் வேடத்தை ஏற்ற ஸ்டீவ் கேரலே அந்நாளில் பெரிய நட்சத்திரம் அல்லர்.

முதல் பருவம், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கல்வர் சிட்டியில் இருந்த ஒரு நிஜக் காரியாலயக் கட்டிடத்திலே படமாக்கப்பட்டது. அங்கே முதல் அத்தியாயத்தைப் படம்பிடித்த நாட்களில் குவாபிஸ் கைக்கொண்ட முறை ஒன்றை அத்தனை பேரும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். காலையில் வந்ததும் வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. எல்லோரும் அவரவர் மேஜைக்குப் போய் அரைமணி நேரம் வேலை செய்யவேண்டும். தொலைபேசியில் பேசலாம், கணக்குப் பார்க்கலாம், கோப்பு அடுக்கலாம். காமிரா அவர்களுக்கிடையே உலாவிக்கொண்டிருக்கும். ஒவ்வொருவரும் தம் பென்சிலை எப்படிப் பிடிப்பார், தண்ணீர் குடிக்க எழுந்தால் எவ்வழியாகப் போவார், யாருடைய கண்ணைத் தவிர்ப்பார் என்பதெல்லாம் அந்த அரைமணி நேரங்களில் தாமே உருவாயின. எழுத்தாளன் எழுதிக் கொடுக்க முடியாத சமாசாரம் இது. கணக்குப் பகுதியின் மூலையில் கின்ஸியும் ஆஸ்கார் நூன்யெஸும் பாம்கார்ட்னரும் மூன்று மேஜைகளைச் சேர்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மூவருக்குள் ஏற்படும் சின்னச் சின்ன முகச்சுளிப்புகளிலும் கண்ஜாடைகளிலும் ஒரு குடும்பத்தின் சரித்திரமே அடங்கிக்கிடப்பதுபோல் தோன்றுவதற்கு இந்தப் பழக்கமே காரணம்.

இரண்டாம் பருவம் முதல் வான் நைஸ் பகுதியிலுள்ள ஒரு ஸ்டூடியோவிலே அந்தக் காரியாலயத்தை அப்படியே திரும்பக் கட்டினார்கள். மேஜைமேல் இருந்த கணினிகள் நிஜமாகவே இணையத்தோடு சேர்க்கப்பட்டிருந்தன. காட்சியில் தமக்கு வசனம் இருக்கிறதோ இல்லையோ, காமிராவின் பார்வை படும் இடத்தில் மேஜை இருக்கும்வரை நடிகர் அங்கே உட்கார்ந்திருந்தே தீரவேண்டும். ஆகையால் பன்னிரண்டு மணி நேரம்கூட நாற்காலியை விட்டு எழாமல், தங்களுக்குள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டும், வீட்டு மின்கட்டணத்தைக் கட்டிக்கொண்டும், நிஜமான குமாஸ்தாக்கள் நிஜமாகவே பொழுதைப் போக்குவதுபோல் அவர்கள் போக்கினார்கள். பிஷர் தம் ரசிகர்களுக்கு மைஸ்பேஸ் தளத்தில் எழுதிய குறிப்புகள் பல, வரவேற்பு மேஜையில் பாமாக உட்கார்ந்திருந்தபடியே எழுதியவை. திரையில் பாம் ஏதோ தட்டச்சுச் செய்துகொண்டிருப்பதைக் காணும்போது, அவர் உண்மையிலேயே தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். கேரலுக்குச் சீக்கிரம் வியர்த்துவிடும் என்பதால் அந்த அரங்கை 64 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது நம் கணக்கில் 18 டிகிரிக்குச் சற்றுக் கீழே, குளிரவைத்திருந்தார்களாம். அந்தக் குளிரில் நாள் முழுவதும் அசையாமல் இருந்தவர்களின் முகத்தில் காணும் அந்தச் சோர்வு முழுவதும் அபிநயம் அன்று.

கச்சேரியில் தம்புராவை யாரும் தனியே எடுத்துப் பாராட்டுவதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் வித்துவானின் ஸ்வரம் அந்தரத்தில் தொங்கும். கேரல் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், அவர் அசட்டுத்தனமாக ஒன்றைச் சொன்னவுடன் நம் கண் தானாகவே பின்வரிசைக்குத்தான் ஓடுகிறது. விற்பனையாளர் ஸ்டான்லியின் முகம் கடுத்ததா, பிலிஸ் தலைகுனிந்தாரா, ஆஸ்கார் கண்ணை மூடிக்கொண்டாரா என்று பார்த்த பிற்பாடுதான் நாம் சிரிக்கிறோம். இத்தொடருக்குப் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. அதன் ஸ்தானத்தை வகித்தவை இந்த முகங்கள்.

எழுத்தாளர்களும் இந்த வீட்டிலே வேற்றாள்களாக இருக்கவில்லை. பி. ஜே. நோவாக், மிண்டி காலிங், பால் லீபர்ஸ்டீன் ஆகிய மூவரும் எழுதவும் செய்தார்கள், நடிக்கவும் செய்தார்கள். இங்கே ஒரு நடைமுறைச் சங்கடம் எழுந்தது. பெரிய கூடத்தில் மேஜை கொடுத்தால், நான் முன்பே சொன்னபடி, நாள் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும். பிறகு எழுதுவது எப்போது? ஆகவே அடுக்களைக்கு அப்பால் ஒரு பின்கட்டை உண்டாக்கி, அவர்களுடைய மேஜைகளை அங்கே போட்டார்கள். லீபர்ஸ்டீன் ஏற்ற மனிதவளப் பொறுப்பாளர் டோபியும், காலிங் ஏற்ற வாடிக்கையாளர் பகுதிப் பெண் கெல்லியும் கூடத்தை விட்டு ஒதுக்கப்பட்டவர்கள்போல் பின்கட்டில் இருப்பதும், மைக்கேல் டோபியை விரோதியாகப் பாவிப்பதும், நாளடைவில் கதையின் பெருஞ்சுவையாக முற்றியது நம்மில் பலருக்குத் தெரியும். எழுத்தறைக்கு ஓடிப்போக வசதியாக ஒரு சுவரைத் தள்ளிப்போட்டதில் விளைந்த பலன் அது.

மிண்டி காலிங்கைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்லவேண்டும். தந்தைவழியில் தமிழர், சொக்கலிங்கம் என்ற குடும்பப் பெயரின் பிற்பாதிதான் மேடையிலே காலிங் என்று நின்றது. இருபத்துநான்கு வயதில், எழுத்தாளர் குழுவில் ஒரே பெண்ணாக அவர் நுழைந்தார். தொடர் முடிவதற்குள் அதன் முக்கியமான கைகளில் ஒன்றாகிவிட்டார். 2006 நவம்பர் 2-ஆம் தேதி ஒளிபரப்பான 'தீவாளி' அத்தியாயம் அவர் எழுதியது. ஸ்க்ரான்டன் குமாஸ்தாக்கள் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இந்தியக் குடும்பங்களோடு பண்டிகை கொண்டாட வருகிறார்கள். அதில் கெல்லியின் பெற்றோராக வருபவர்கள் மிண்டியின் சொந்தப் பெற்றோர்களே. பண்டிகையை விநோதப் பொருளாகக் காட்டாமல், சமோசா தட்டும் ஆட்டமும் வரன் விசாரணையுமாக ஒரு குடும்பச் சடங்காகவே காட்டியிருப்பதில், வீட்டுப் பெண் எழுதியது என்ற அடையாளம் பளிச்சென்று தெரிகிறது. அதை நான் மிகுந்த அன்போடு மதிக்கிறேன்.

காமிராக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். இந்தக் காரியாலயத்தை ஒரு குழு ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது கதையின் ஆதாரக் கற்பனை. ஆகவே காமிரா இங்கே வெறும் யந்திரமன்று. அதுவும் ஒரு பாத்திரம். அதை இயக்கிய ராண்டல் ஐன்ஹார்ன், 'சர்வைவர்' என்ற நிஜநிகழ்ச்சியில் தீவு தீவாக அலைந்து, அடுத்த கணம் யார் என்ன செய்வார் என்று தெரியாமலே படம்பிடித்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தை அவர் இங்கே கொண்டுவந்தார். யாரேனும் ஒருவர் ஏதாவது சொல்லும்போது, அதைக் கேட்டு எவர் மனம் புண்படும் என்று ஊகித்து அவர்மேல் காமிராவைத் திருப்புவதே காமிராக்காரர்களின் வித்தை. தொட்டிச்செடிக்குப் பின்னாலிருந்தும், ஜன்னல் மறைப்பின் இடுக்குகள் வழியாகவும் அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த இடத்தில் காமிராக்காரன் நிற்கமுடியுமா, நின்றால் இவர் அழுவாரா என்பதைப் பற்றிப் படப்பிடிப்பிலே நடிகர்களும் இயக்குநரும் தர்க்கம் செய்வார்களாம். இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதியவர் ஸ்டீவ் கேரலே, இயக்கியவர் குவாபிஸ். அதில் வாகனம் நிறுத்துமிடத்திலே ஜிம் தன் காதலைப் பாமிடம் சொல்லும் காட்சி தொலைவிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது. நாம் கேட்கத்தகாத ஒன்றை ஒளிந்துநின்று கேட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி நமக்கு அங்கே உண்டாகிறது. முகத்தருகே காமிராவைக் கொண்டுபோயிருந்தால் அது நூறோடு நூற்றொரு காதற்காட்சியாக முடிந்திருக்கும்.

எழுதி வைத்ததை மீறி நிகழ்ந்த ஒரு கணத்தைப் பற்றி நூன்யெஸ் சொன்னதை இங்கே குறிப்பிடவேண்டும். மூன்றாம் பருவத்தின் முதல் அத்தியாயத்திலே, ஆஸ்கார் தற்பால் விருப்பமுடையவர் என்பதை அம்பலப்படுத்திவிட்ட மைக்கேல், தான் நல்லவன் என்று நிரூபிக்க எல்லார் முன்னிலையிலும் அவரைத் தழுவிக்கொள்கிறார். ஏட்டில் இருந்தது தழுவல்தான். படம்பிடிக்கும்போது ஒருமுறை கேரல் தழுவியதோடு நில்லாமல், மெல்ல மெல்ல நெருங்கி முத்தமே இட்டுவிட்டார். நூன்யெஸின் முகத்தில் தெரியும் திகைப்பும், மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் முகத்தில் தெரியும் பதைப்பும் ஒத்திகை பார்த்தவை அல்ல. கவனியுங்கள், அத்தனை பேரும் திகைத்தார்களே தவிர, ஒருவர்கூடப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து காட்சியைக் கெடுக்கவில்லை. தினமும் காலையிலிருந்து மாலைவரை அந்த மனிதராகவே உட்கார்ந்து பழகியவர்களுக்கு, திகைப்புக்கூட அந்த மனிதரின் திகைப்பாகவே வருகிறது.

என் அபிப்பிராயத்தில் தொடரின் சிகரம், 2008 ஏப்ரல் 10-ஆம் தேதி வந்த 'விருந்து' அத்தியாயம். மைக்கேலும் அவருடன் வாழும் ஜானும் இரண்டு ஜோடிகளை வீட்டுக்கு அழைத்து, விருந்தினர் கண்ணெதிரே சண்டைபோட்டுக்கொண்டு வீட்டையே இடித்துவிடுகிறார்கள். இது காரியாலயத்துக்கு வெளியே நடப்பது. ஆனாலும் காரியாலயத்து உறவின் அவஸ்தை, மேலதிகாரி அழைத்தால் மறுக்கமுடியாத அந்த அவஸ்தை, இதைப்போல் வேறெங்கும் வெளிப்படவில்லை. நடிகர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதை முதன்முதலாகப் படித்தபோது சிரித்த சிரிப்பை இன்றளவும் பேசுகிறார்கள். இந்த ஏடு மிகவும் இருண்டிருக்கிறதே என்று தொலைக்காட்சி நிர்வாகத்தார் தொலைபேசியில் சொல்ல, ஆமாம் என்று டேனியல்ஸ் ஒப்புக்கொள்ள, விவகாரம் அதோடு தீர்ந்ததாம். 2007 நவம்பரிலே அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் வந்தது. எழுத்தாளர் மறியலைத் தாண்டிப் படப்பிடிப்புக்குப் போக மாட்டேன் என்று கேரல் நின்றுவிட்டார். தலைமை நடிகர் இல்லாமல் வேலை நின்றது. 2008 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் திரும்பிவந்தபோது அவர்கள் கையில் காத்திருந்தது இந்த ஏடு. உள்ளங்கைகள் இரண்டை விரித்துவைத்த அகலமே இருக்கும் ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியை, மைக்கேல் பெருமிதத்தோடு சுவரிலிருந்து இழுத்தும் உள்ளே தள்ளியும் காட்டும் இடம் ஒன்று அதில் வருகிறது. அந்த இடத்தில் கிரசின்ஸ்கியால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. திரும்பத் திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. பால் ஃபீக் இயக்கிய அந்தக் காட்சியைக் கூர்ந்து பார்ப்பவர்கள், ஜிம் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் காணலாம்.

பணத்தைக் கொட்டி எடுத்த காட்சியும் உண்டு. ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில், நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையம் ஒன்றில் மழையில் நின்றுகொண்டு ஜிம் பாமை மணம் கேட்கிறார். திரையில் அது நீடிப்பது 52 வினாடி. செலவோ ஏறத்தாழ 2,50,000 டாலர். மின்சாமான் கடை ஒன்றின் வாகன நிறுத்துமிடத்திலே அந்தப் பெட்ரோல் நிலையத்தையும் அதைச் சுற்றிலும் ஒரு சாலையையும் கட்டி, கார்களை வட்டமாக விரட்டி, யந்திரத்தால் மழை பெய்வித்தார்கள். இவ்வளவும் எதற்காக? பார்க்கிறவனுக்கு அது கொஞ்சமும் விசேஷமில்லாத இடமாகத் தோன்றவேண்டும் என்பதற்காக. கிழக்குக் கரையில் தாம் வழக்கமாக வண்டியை நிறுத்தும் ஒரு சாதாரண நிலையத்தையே டேனியல்ஸ் மனத்தில் வைத்திருந்தார். அது அசலாகவே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாமானியத்தைச் சாமானியமாகக் காட்டுவதற்கு ராஜச் செலவு செய்த அந்தப் பிடிவாதத்தை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன்.

அதற்கு நேர்மாறானது, அதே பருவத்தில் 2009 ஏப்ரல் 30-ஆம் தேதி வந்த ஒரு சிறு முன்காட்சி. கணக்குப் பகுதிக் கெவின், வருஷத்துக்கு ஒருமுறை தம் கையால் சமைக்கும் சில்லி என்ற மிளகாய் இறைச்சிக் குழம்பை, பெரிய பாத்திரத்தில் சுமந்துகொண்டு அதிகாலையில் காரியாலயத்துக்கு வருகிறார். பாத்திரம் கைதவறிக் கொட்டிவிடுகிறது. மேஜைமேல் அகப்பட்ட காகிதங்களையெல்லாம் எடுத்து அதை அள்ளி மறுபடி பாத்திரத்தில் இட முயன்று, அதிலேயே வழுக்கி விழுந்து புரள்கிறார். இத்தனைக்கும் மேலே, குழம்பு வைக்கும் ரகசியத்தை அவரே பெருமையோடு விவரிக்கும் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தரைவிரிப்பில் கறை பட்டால் போகாது என்பதால், அதே நிறத்தில் மாற்றுத் துண்டுகள் சிலவற்றையே தயார் செய்து வைத்திருந்தார்கள். கெவினாக நடித்த பாம்கார்ட்னர் ஒரே தடவையில் அதை முடித்துக் கொடுத்துவிட்டார். நான்கு வருஷம் மூலையில் உட்கார்ந்து, அத்தியாயத்துக்கு இரண்டொரு வரி பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒரு நிமிஷம் தனியாகக் கிடைத்தது. அவர் தரையில் கையை ஊன்றும்போது நாம் சிரிக்கிறோம், தொண்டையும் அடைக்கிறது. அந்த நான்கு வருஷ உட்காரல் இல்லாமல் இந்த ஒரு நிமிஷத்தை யாராலும் எழுதியிருக்க முடியாது.

2011 ஏப்ரல் 28-ஆம் தேதி ஒளிபரப்பான அத்தியாயத்தோடு ஸ்டீவ் கேரல் விடைபெற்றார். விமானநிலையத்திலே அவர் ஒலிவாங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு பாம் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. அங்கே தாம் பேசியது ஏட்டில் இருந்தது அல்லவென்றும், உடன் பணிசெய்த நண்பருக்குத் தாமே சொந்தமாகச் சொன்ன பிரிவு வார்த்தைகள் அவை என்றும் பிஷர் பின்னாளில் தெரிவித்தார். அதற்குப் பிந்திய இரண்டு பருவங்களைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. நல்ல அத்தியாயங்கள் உண்டு. ஆனால் மேனேஜர் நாற்காலிக்கு ஆள் தேடுவதிலேயே கதையின் சக்தி பெரிதும் செலவாகிவிட்டது. இறுதி அத்தியாயத்துக்குக் கேரல் திரும்பி வந்ததை மட்டும், தொலைக்காட்சி நிர்வாகத்தாருக்குக்கூடத் தெரியாமல் எல்லோருமாகக் கட்டுப்பாடாக மறைத்துவைத்தார்கள். அவ்வத்தியாயத்தை இயக்க, முதல் அத்தியாயத்தை இயக்கிய குவாபிஸையே அழைத்திருந்தார்கள். கிரீட் பிராட்டன் அதன் கடைசியிலே கிட்டாரோடு பாடும் பாட்டு, அவரே பல வருஷங்களுக்கு முன் இயற்றியது.

தொடக்கத்தில் இத்தொடரைப் பார்த்தவர்கள் சொற்பம். ஆறே அத்தியாயங்கள் கொண்ட முதல் பருவத்தோடு இது நின்றுபோயிருக்கும் என்பதே அன்றைய நிலவரம். 2005 ஆகஸ்டில் கேரல் நடித்த ஒரு திரைப்படம் வெற்றிபெற்றதும், அவ்வருஷக் கடைசியில் ஐடியூன்ஸ் வாயிலாக இளைஞர்கள் அத்தியாயங்களை விலைகொடுத்து வாங்கத் தொடங்கியதும் இதற்கு உயிர்ப்பிச்சை அளித்தன. பதினைந்து வருஷம் கழித்து, 2020-ஆம் ஆண்டில், வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அமெரிக்கர்கள் நெட்ஃபிளிக்ஸ் மூலமாக இதைப் பார்த்த நேரம் 5,710 கோடி நிமிஷங்கள் என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. காரியாலயத்துக்குப் போகமுடியாமல் இருந்த ஜனங்கள், ஒரு காரியாலயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதைப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு, குறிப்பாக நடிப்புப் பயிலும் இளைஞர்களுக்கு, ஒரு யோசனை. முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். அது பிரிட்டிஷ் மூலத்தை ஏறக்குறைய வரிக்கு வரி பின்பற்றுவதால் தன் சொந்தக் குரலை அங்கே காட்டுவதில்லை. இரண்டாம் பருவத்தில் தொடங்குங்கள். மைக்கேலின் அசட்டுத்தனத்துக்குள்ளே பிறர் தம்மை நேசிக்கவேண்டும் என்ற தாகத்தை எழுத்தாளர்கள் வைத்தது அப்போதுதான். ஓர் அத்தியாயத்தை வழக்கம்போல் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டாம் முறை ஒலியை அடக்கிவிட்டு, பேசுகிறவரை விட்டு அவர் தோளுக்கு மேலே பாருங்கள். அங்கே ஸ்டான்லி குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பார், பிலிஸ் எதையோ மடித்துவைத்துக்கொண்டிருப்பார், கண்ணாடிக்கு அப்பால் யாராவது ஒருவர் அடுக்களைப் பக்கம் நடந்துபோவார். அவர்களில் ஒருவரை மட்டும் தேர்ந்துகொண்டு ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து பாருங்கள். நான் பிலிஸ் ஸ்மித்தைச் சிபாரிசு செய்கிறேன்.